வலி வர ஒரு ஊசி

வலிக்கு ஊசி என்றால் வலி போவதற்கு என்றுதான் நான் நினைத்திருந்தேன். அதனால், டாக்டரம்மா வலிக்கு ஊசி போட்டுக்கொள்ளலாம் என்றதும், போட்டுக்கொள் கண்ணு, எதற்குப் பொறுத்துக்கொண்டு இருக்கிறாய் என்று மகளிடம் சொல்லிவிட்டேன். டாக்டரம்மா சிரித்தார். மகளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அது வலி போக அல்ல, வலி வருவதற்கு.

பிள்ளை பிறக்க வேண்டிய தேதி தாண்டியிருந்தது. இந்த மாதிரி இடத்துக்குப் பெண்ணோடு தாய் வர வேண்டும். என் வீட்டுக்காரி போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகிறது. மகளின் மாமியார் சத்தியமங்கலத்தில் இடுப்பு ஒடிந்து படுக்கையில் கிடக்கிறார். மாப்பிள்ளை லாரி ஓட்டுகிறவர். வடக்கே லோடு ஏற்றிப் போன இடத்தில் வண்டி பழுதாகி நின்றுபோய்விட்டது. துடியலூர் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். பிள்ளையின் துடிப்பு நன்றாக இருக்கிறது, தண்ணீரும் போதுமான அளவு இருக்கிறது. ஊசி போட்டு வலியை வரவைக்கலாம். இல்லையென்றால் தானாக வருகிறதா என்று இன்னும் இரண்டு மூன்று நாள் பார்க்கலாம், ஆனால் தினமும் வந்து காட்ட வேண்டும், அதற்கு மேல் விட மாட்டேன். யோசித்துக் காலையில் வந்து சொல்லுங்கள் என்றார். பிறகு பேச்சோடு பேச்சாக மகளிடம் கேட்டார்.

"நீங்க பொறக்கறப்போ உங்கம்மாவுக்கும் இப்படித்தான் தள்ளிப் போச்சுங்களா?"

மகள் என்னைப் பார்த்தாள். டாக்டரம்மாவும் என்னைப் பார்த்தார்.

எனக்கு மறதி கிடையாது. அந்த வருஷம் ஆடியில், நான் வேலை பார்த்த தோட்டத்துக்காரர் பண்ணாடியின் காளைகளை அந்தியூர் சந்தைக்கு ஓட்டிப் போனேன். நடைதான். செவலைக் காளைக்கு வழியில் லாடம் கழன்று, நொண்டிக்கொண்டே வந்தது. சந்தையில் ஒரு வெள்ளைக் குதிரையைச் சுற்றி ஒரே கூட்டம். அதற்கு ஒரு கண் மட்டும் நீலம். திரும்பி வரும்போது வாங்கி வந்த பொரியை வாயில் வைத்ததும் வீட்டுக்காரி குமட்டிக்கொண்டு வெளியே ஓடினாள். அப்படித்தான் எனக்கே சங்கதி தெரிந்தது. பிறந்தது மாசிக் கடைசியா, பங்குனி பிறந்துவிட்டதா? தோட்டத்தில் மஞ்சள் வேகவைத்துக்கொண்டிருந்தோம். கொப்பரையை விட்டு நகர முடியாது. ஆள் வந்து பெண்பிள்ளை என்று சொல்லிவிட்டுப் போனது. அடுப்பில் அன்றைக்கு எரிந்தது வேலமரம், அதுகூட ஞாபகம் இருக்கிறது. ஆனால் அவளுக்கு நாள் தள்ளிப் போனதா, எத்தனை நேரம் வலித்தது, பயந்தாளா, ஒன்றும் தெரியாது. அதெல்லாம் பெண்கள் பேச்சு. நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

தெரியலைங்களே என்றேன். பரவாயில்லைங்க என்று டாக்டரம்மா வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் மாப்பிள்ளை மகளிடம் போனில் பேசினார். மாமா சொல்கிறபடி செய் என்றாராம். மகள் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். நான் அரிசிம்பருப்புச் சாதம் கிளறிக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் மாடு. பண்ணாடியின் சினைமாடு ஒன்றுக்கு நாள் தாண்டியபோது, தானாகப் போடட்டும் என்று விட்டுவிட்டோம். கன்று செத்துத்தான் விழுந்தது. அடுத்த வருஷம் இன்னொரு மாட்டுக்கும் அதேபோல் தாண்டியது. அந்தக் கன்று மறுநாளே துள்ளிக்கொண்டு திரிந்தது. இதை வைத்துக்கொண்டு பெற்ற மகளுக்கு என்ன சொல்வது?

"ஏனுங்ப்பா, நீங்க என்னதான் சொல்றீங்க?"

"எனக்கு ஒண்ணும் தெரியல கண்ணு. உங்கம்மாளக் கேட்டு வெச்சிருக்கோணும்."

மகள் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள்.

"அப்ப ஊசியே போட்டுக்கறனுங்ப்பா. இங்க ஊட்ல இருந்து வலி வந்துபோட்டா, அது பொய்வலியா நெசவலியான்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. ரெண்டு பேரும் மூஞ்சிய மூஞ்சியப் பாத்துட்டு உக்காந்திருப்போம்."

சிரிப்பதற்காகத்தான் சொன்னாள். நானும் சிரித்தேன். தட்டுக் கழுவப் போனபோது குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டுக்கொண்டேன்.

காலையில் சேர்த்தோம். கூட இருக்கப் பெண் துணை யாராவது உண்டா என்று நர்ஸ் கேட்டது. இல்லை என்றேன். நாங்க பாத்துக்கறோமுங்க என்று அது நல்லபடியாகத்தான் சொன்னது. மகள் தன் பையைத் தானே தூக்கிக்கொண்டு உள்ளே நடந்து போனாள். ஊசி போட்ட உடனே வலி வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. பக்கத்து நாற்காலிகளில் பிளாஸ்க்கும் துணியுமாகப் பெண்கள் இருந்தார்கள். அவர்கள் உள்ளே போவதும் வந்து காதோடு பேசிக்கொள்வதுமாக இருந்தார்கள். கதவு திறக்கும்போதெல்லாம் நான் எழுந்து நின்றேன். என்னிடம் சொல்ல யாருக்கும் ஒன்றும் இல்லை.

மறுநாள் மத்தியானம் பையன் பிறந்தான். தாயும் பிள்ளையும் சுகம். மாப்பிள்ளைக்கு நர்ஸ்தான் போன் போட்டு என் கையில் கொடுத்தது. அவர் எடுத்த உடனே கேட்டார்.

"எப்படிங்க மாமா இருந்துச்சு? ரொம்பச் சிரமப்பட்டுட்டாளா?"

நான் அந்தக் கதவைப் பார்த்தேன். சாத்தியிருந்தது.

"ரெண்டு பேரும் நல்லாருக்கறாங்க மாப்ள. மத்தது எனக்குத் தெரியாதுங்க, நான் வெளியதான இருந்தேன். நீங்க வந்து அவகிட்டயே கேளுங்க. கேக்காம மட்டும் உட்டுப்போடாதீங்க."