குட்டி அழட்டும்

அம்மா இறந்து நாலு மாதம் கழித்து, தேயிலை ஃபெக்டரி நாய் போட்ட குட்டிகளில் ஒன்றைத் தூக்கி வந்தேன். எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் நான் மட்டும்தான். துணைக்கு என்று லயத்து வரிசை வீடுகளில் சொல்லிக்கொண்டேன். உண்மையில் வேலை முடிந்து கதவைத் திறந்து உள்ளே போக எனக்குப் பயமாக இருந்தது. உள்ளே உயிருள்ள ஒன்று இருக்க வேண்டும் என்று பட்டது.

வெளியே கட்டி வைக்க முடியாது. எங்கள் பக்கம் சிறுத்தை தூக்கிப்போன நாய்கள் ஒன்றிரண்டல்ல. கொழுந்து பறிக்கப் போகும்போது உள்ளே விட்டுப் பூட்டத்தான் வேண்டும். ஒரு வாரம் லீவு போட்டுப் பழக்கினேன். முதலில் கதவைச் சாத்திவிட்டு வாசல் இஸ்தோப்பில் மூச்சுக் காட்டாமல் நின்றேன். பிறகு பீலிக்குப் போய் ஒரு குடம் தண்ணீர் பிடித்து வரும் நேரம். பிறகு கடைக்குப் போய் வரும் நேரம். அது மசியவில்லை. ஊளை லயம் முழுக்கக் கேட்டது. கேட்கத்தானே செய்யும்? எங்கள் சுவர்கள் கூரை வரை போவதில்லை. பத்துக் காம்பராவுக்கும் மேலே ஒரே தகரம். இங்கே இருமினால் மூன்றாவது வீட்டிலிருந்து கசாயம் குடித்தாயா என்று கேட்பார்கள்.

கடைசி வீட்டுக்காரருக்கு ஃபெக்டரியில் இரவு வேலை. பகலில் தூங்குகிறவர். "ஒங்க நாயி செத்த வீடு மாதிரி அழுவுது, தங்கச்சி. ஏதாச்சும் பண்ணுங்க" என்றார். மனதில் ஒன்றும் வைத்துச் சொல்லவில்லை. எனக்குத்தான் சுருக்கென்றது.

வேலைக்குத் திரும்பிய காலையில், வேறு வழி தெரியாமல் ரேடியோவைப் போட்டேன். குட்டி தலையைச் சாய்த்துப் பார்த்தது. பிறகு சாக்கில் சுருண்டு படுத்தது. பூட்டிக்கொண்டு, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு ஓடினேன்.

மலையில் கை தானாகப் பறித்தது. அம்மா படுக்கையில் கிடந்த நாட்களிலும் இதையேதான் செய்தேன். தனியாகக் கிடக்கிறாளே, பாட்டாவது கேட்கட்டும் என்று சத்தமாக வைத்துவிட்டுப் போவேன். அவள் போன அன்று, பகல் சாப்பாட்டுக்கு வந்தபோது ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. அம்மா கட்டிலுக்குக் கீழே கிடந்தாள். உடம்பு குளிர்ந்துபோயிருந்தது. இருமல்கூடக் கேட்கும் லயத்தில் அவள் கூப்பிட்டது யாருக்கும் கேட்கவில்லை. கூப்பிட்டாளா என்பதே எனக்குத் தெரியாது. அதுதான் என்னைத் தின்கிறது. யாரிடமும் இதை நான் சொன்னதில்லை.

குட்டியை நினைத்து, பகலில் மூச்சிரைக்க இறங்கி வந்தேன். பாட்டுச் சத்தம் இல்லை. என் கதவு திறந்து கிடந்தது. பக்கத்துக் காம்பரா அக்கா, கால் வீக்கத்தால் வேலையை விட்டவர், என் வீட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் ஒரு சாவி உண்டு. அம்மாவுக்காகக் கொடுத்து வைத்தது. மடியில் குட்டி தூங்கிக்கொண்டிருந்தது.

"நான்தான் ரேடியோவ நிப்பாட்டுனேன்" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "அன்னைக்கும் இப்படித்தான் பாடுச்சு. ஒங்கம்மா பாட்டு கேக்குறாங்கன்னு நெனச்சு, நான் அந்தப் பக்கம் சோறு பொங்கிக்கிட்டு இருந்தேன், புள்ள."

இந்த நாலு மாதமும் அவரும் இதைச் சுமந்துகொண்டிருந்திருக்கிறார் என்று நான் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

"இனிமே போடாத. குட்டி அழுதா அழட்டும். எனக்குக் கேக்கணும்."

ரேடியோவைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தேன். கடைசி வீட்டுக்காரரிடம் அக்கா என்ன சொன்னாரோ, அவர் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு தூங்கப் பழகினார். குட்டி அழும், அந்தப் பக்கத்திலிருந்து அக்கா சுவரைத் தட்டுவார், அது ஒருமுறை குரைத்துவிட்டு அடங்கும். ஒரு மாதத்தில் பழகிவிட்டது. இப்போது நான் பூட்டும்போது திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நாள் முழுக்கத் தூங்குகிறது.

அக்காதான் இன்னும் தட்டிக்கொண்டிருக்கிறார். அது எழுந்து குரைக்கும்வரை அவர் விடுவதில்லை.