அக்கா எங்கே பிறந்தாள்

பயப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிறவன் நான். செம்மங்குப்பத்தில் ஒரு ரசாயன ஆலையில் பாதுகாப்பு மேற்பார்வையாளர். எந்த வால்வு கசியும், எவன் முகமூடியைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு உள்ளே போவான் என்று நாள் முழுக்க யோசிப்பதுதான் பிழைப்பு. அதனால் பயம் எனக்குப் பழகிப்போன சங்கதி என்று நினைத்திருந்தேன். அக்காவின் பேர் குலுக்கலில் விழுந்த வருடம் அந்த நினைப்பு போய்விட்டது.

அக்காவும் மச்சானும் அமெரிக்காவில் இருக்கிறார்கள். மச்சான் மேல்பட்டாம்பாக்கத்துக்காரர், கம்ப்யூட்டர் வேலைக்குப் போனவர். அங்கே நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்காக இந்தியாவில் பிறந்தவர்கள் நிற்கும் வரிசைக்கு முடிவே கிடையாது. "என் பேரனுக்கு வேணா கெடைக்கும்" என்பார் மச்சான். அதே அனுமதியை வருடத்துக்கு ஒருமுறை குலுக்கல் போட்டும் கொடுக்கிறார்கள். அதற்கு இந்தியாவில் பிறந்தவர்கள் பேர் கொடுக்க முடியாது. ஆனால் அக்கா பிறந்தது குவைத்தில். அத்தா அங்கே ஒரு பலசரக்குக் கடையில் வேலை பார்த்த காலம் அது. பெண்டாட்டி பேர் விழுந்தால் புருஷனுக்கும் பிள்ளைக்கும் சேர்த்தே கிடைக்கும் என்றார்கள். அக்கா பேர் கொடுத்தாள், விழுந்துவிட்டது.

கடலூரில் என்னோடு இருக்கும் அம்மாவுக்கு அதைக் கேட்டுச் சந்தோஷம் வரவில்லை.

"லாட்டரியா? அது ஹராமாச்சேடி" என்றார் போனில்.

"காசு எதுவும் கட்டலம்மா. குலுக்கல்தான். ஹஜ்ஜுக்கே குலுக்கல்லதானே பேரு எடுக்குறாங்க?"

அம்மா சற்று யோசித்தார். ஹஜ் குலுக்கலில் அத்தாவின் பேர் ஒருமுறைகூட விழாமல் அவர் மவுத்தாகிப்போனது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். "அப்ப சரி" என்று போனை என்னிடம் கொடுத்துவிட்டார்.

பேர் விழுந்தால் போதாது என்பது பிறகுதான் தெரிந்தது. காகிதம் எல்லாம் கொடுத்து, நேர்காணல் முடித்து, செப்டம்பர் மாதத்துக்குள் அனுமதி கையில் வர வேண்டும். ஒரு நாள் தாண்டினாலும் விழுந்த பேருக்கு மதிப்பில்லை. அவர்கள் அந்த நாட்டுக்குள் இருந்துகொண்டே விண்ணப்பித்திருந்தார்கள். முடிவு வருவதற்குள் வெளியே கால் வைத்தால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாகக் கணக்கு. இந்த நேரம் பார்த்து மச்சானின் கம்பெனி ஆட்களைக் குறைக்க ஆரம்பித்திருந்தது. வேலை போனால் இருக்கிற விசாவும் போய்விடும்.

இதற்கு நடுவில்தான் ஒரு மாலை அக்கா அழைத்தாள். குரலே சரியில்லை.

"பாஸ்போர்ட்டுல பொறந்த ஊரு சிதம்பரம்னு இருக்குடா. குவைத் சர்டிபிகேட்டும் கையில வச்சிருக்கேன். ரெண்டுல ஒண்ணு பொய்னு வக்கீலம்மா சொல்றாங்க. பொய் சொல்லி உள்ள வர பாத்தேன்னு எழுதிட்டாங்கன்னா இது மட்டுமில்ல, இனிமே எந்த விசாவும் கெடைக்காதாம்."

 சிதம்பரம் எப்படி வந்தது என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் பக்கத்தில் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும். நடக்காவிட்டால் பெண்ணைப் பெற்றவர்களுக்குத் தலைகுனிவு. அம்மாவின் தாய்வீடு சிதம்பரம். அம்மா குவைத்தில் பிள்ளை பெற்று, பச்சைக் குழந்தையோடு அங்கே வந்து இறங்கினார். வெளியே யாரும் பார்க்காமல் உள்ளறையில் நாற்பது நாள் வைத்திருந்தார்கள். அதற்குள் அம்மாவின் அண்ணன், அதாவது மாமா, பதிவு அலுவலகத்துக்குப் போய்ப் பெண் குழந்தை, வீட்டுப் பிரசவம் என்று எழுதிவைத்துவிட்டு வந்தார். அந்தக் காலத்தில் வீட்டுப் பிரசவம் என்றால் சொன்னதுதான் சாட்சி. பள்ளிக்கூடம் அதைப் பார்த்து எழுதிக்கொண்டது, பாஸ்போர்ட் பள்ளிக்கூடத்தைப் பார்த்து எழுதிக்கொண்டது.

எழுதியதோடு விட்டிருந்தால் மாமா மாமாவாக இருந்திருக்க மாட்டார். கல்யாணமோ பெருநாளோ, நாலு பேர் கூடிவிட்டால் கதை ஆரம்பமாகிவிடும். "என் தங்கச்சிக்கு வலி எடுத்ததும் நான்தான் சைக்கிள மிதிச்சிக்கிட்டுப் போயி மருத்துவச்சியக் கூட்டியாந்தேன்." நான் சிறுவனாக இருந்தபோது அந்தக் கதையில் மழை இல்லை. என் கல்யாணத்தின்போது மழை வந்துவிட்டது. என் மகள் பிறந்தபோது முழங்கால் அளவு தண்ணீரும் வந்து, மருத்துவச்சி பின்சீட்டில் குடை பிடித்துக்கொண்டிருந்தாள். அம்மா அதையெல்லாம் கேட்டுக்கொண்டு பேசாமல் இருப்பார்.

அக்காவின் வக்கீல் சொன்ன வழி இதுதான். சிதம்பரத்துப் பதிவு தவறு என்று, நடந்ததை அறிந்த இரண்டு பேர் எழுதிக்கொடுத்து அதை ரத்து செய்ய வேண்டும். அந்த உத்தரவை வைத்துத்தான் பாஸ்போர்ட்டைத் திருத்த முடியும். அப்படி அறிந்தவர்களில் உயிரோடு இருந்தவர்கள் அம்மாவும் மாமாவும் மட்டுமே.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு சிதம்பரம் பஸ் ஏறினேன். பஸ் எங்கள் ஆலை வாசலைத் தாண்டியபோது, உள்ளே போய் வழக்கம்போல் பயந்துகொண்டிருந்தால் நிம்மதியாக இருக்குமே என்று தோன்றியது.

மாமா விஷயத்தைக் கேட்டதும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"பொய்யா எழுதுனேன்னு நானே கையெழுத்துப் போடணுமா? இந்த வயசுல என்ன ஜெயில்ல தள்ளப் பாக்குறியா? குவைத்துன்னு போட்டதுதான் தப்புன்னு சொல்லிடுங்களேன், தீந்துச்சி."

"தீந்துதான் போவும் மாமா. அக்கா வாழ்க்கை தீந்து போவும்" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. அம்மா என் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"அண்ணே, அவனுக்கு முன்கோபம் ஜாஸ்தி, விடுங்க. ஒங்கள யாரும் கொறவா பேச மாட்டாங்க. பேசுனா நான் கேட்டுக்கிறேன். எம் பொண்ணுக்காவ ஒரு கையெழுத்துப் போடுங்க."

மாமா அம்மாவின் முகத்தைப் பார்க்கவே இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். பெருமை போகிறதே என்ற வருத்தம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வாரக்கணக்கில் காத்திருந்தோம். ஆலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. வாசலில் பெட்டியில் பூட்டிவைத்துவிட்டுப் போவேன். ஷிப்டு முடிந்து பெட்டியைத் திறக்கும்போது, மச்சானுக்கு வேலை போய்விட்டது என்று செய்தி வந்திருக்குமோ என்று கை நடுங்கும். என்னைப் பார்த்துப் பாதுகாப்புப் பாடம் படிக்கும் ஆட்கள் அதைப் பார்த்துவிடக் கூடாதே என்று வேறு பயம்.

எழுதிக்கொடுத்தால் மட்டும் போதாது, நேரில் விசாரிப்போம் என்று பதிவு அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். விசாரணைக்கு, பிறப்புப் பதிவுகளைப் பார்க்கும் சுகாதார ஆய்வாளர் வருகிறார் என்றதும் எனக்குப் புதுப் பயம் வந்தது. மாமாவை நினைத்து மட்டும் அல்ல. அந்தத் தெருவுக்கே சைக்கிள் கதை மனப்பாடம். அக்கா அங்கே பிறக்கவில்லை என்று சொல்ல இரண்டு பேர். அங்கேதான் பிறந்தாள் என்று சத்தியம் செய்ய ஒரு தெரு.

வந்தவர் இளவயதுப் பெண். மாமா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அம்மாவிடம் கேட்டு எழுதிக்கொண்டார். எதற்காகக் கேட்கிறார்கள் என்றுகூடத் தெரியாமல் எதிர்வீட்டுப் பெரியவர் வாசற்படியில் வந்து நின்றார்.

"அந்தப் பொண்ணா? இங்கதான் மேடம் பொறந்துச்சி. செம மழ. பாய்தான் சைக்கிள்ல மருத்துவச்சியக் கூட்டியாந்தாரு. மொழங்கால் தண்ணி!"

ஆய்வாளர் எழுதுவதை நிறுத்திவிட்டார். அம்மாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பொய்ப் பதிவு செய்கிறவர்கள் மீது நடவடிக்கை எடுக்கலாம், பொய் சொல்லிப் பதிவை ரத்து செய்யக் கேட்பவர்கள் மீதும் எடுக்கலாம் என்றார்.  அவ்வளவுதான், முடிந்தது, அக்காவுக்கு என்ன பதில் சொல்வேன் என்பது தவிர மண்டையில் வேறெதுவும் இல்லை.

"அது நான் கட்டுன கதம்மா" என்றார் மாமா.

எதிர்வீட்டுக்காரர் சிரித்தார், விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்து. மாமா சிரிக்கவில்லை.

"மழையும் இல்ல, சைக்கிளும் இல்ல. அவ குவைத்துல தனியாப் பெத்தா. பிரசவத்துக்குத் தொணையா எங்கம்மாவக் கூட்டிக்கிட்டு நான்தான் போவணும்னு ஏற்பாடு. அவ வூட்டுக்காரரு விசா, டிக்கெட்டு எல்லாம் அனுப்பிட்டாரு."

"விசா வரலன்னுதானே எழுதுனீங்க?" என்றார் அம்மா.

மாமா ஆய்வாளரைப் பார்த்துத்தான் பதில் சொன்னார். "வந்துச்சிம்மா. மெட்ராஸ் ஏர்போர்ட்டு வரைக்கும் போனோம். அந்த ப்ளேனப் பாத்ததும் எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. எங்கம்மாவத் திருப்பிக் கூட்டிக்கிட்டு வந்துட்டேன். அவுங்களுக்குத் தனியாப் போவத் தெரியாது. விசா வரலன்னு நான்தான் எழுதிப் போட்டேன். எங்கம்மாவையும் வெளிய சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டேன். அப்புறம் தங்கச்சி புள்ளையோட வந்து நிக்கிறப்ப, இங்கியே பொறந்ததா எழுதிட்டா எல்லாம் சரியாயிடும்னு நெனச்சேன். புடிச்சிக்கிட்டுப் போறதுன்னா என்ன மட்டும் புடிச்சிக்கிட்டுப் போங்க."

சொல்லி முடித்ததும் அவர் தாடை ஆடிக்கொண்டே இருந்தது.  ஆய்வாளர் அவர் சொன்னதை ஒரு வரி விடாமல் எழுதி, படித்துக்காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். போகும்போது, "யாரும் உங்களப் பிடிக்க மாட்டாங்க ஐயா, தண்ணி குடிங்க" என்றார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது அம்மாதான். கொடுத்தாரே தவிர அண்ணனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

திரும்பும் பஸ் ஆலப்பாக்கத்தைத் தாண்டியது. அம்மா ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்: "ரெண்டு நாளு வலி. பேசுறது எதுவும் புரியாத நர்ஸுங்க. இந்நேரம் அம்மா இருந்தா நல்லா இருக்குமேன்னு நெனச்சேன். விசா குடுக்காதவன நாசமாப் போவன்னு திட்டுனேன்டா." நான் மாமாவைத் திட்ட ஆரம்பித்தேன். என் கோபத்தை அம்மா ஏற்றுக்கொள்ளவும் இல்லை, தடுக்கவும் இல்லை.

ரத்து உத்தரவு வந்தது. பாஸ்போர்ட் திருத்தப்பட்டு வருவதற்குள் ஆகஸ்ட் போய்விட்டது. மச்சானுக்கு வேலை போயேவிட்டது; விண்ணப்பம் முடிவாகும்வரை மட்டும் அங்கே தங்கலாம் என்றார்கள். செப்டம்பரில் நேர்காணல். இந்தியாவில் எழுதிய பொய்யைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்களாம். மாமா சொன்னதை அப்படியே சொன்னேன் என்றாள் அக்கா. முடிவைப் பிறகு சொல்கிறோம் என்று அனுப்பிவிட்டார்கள். அம்மா நோன்பு வைக்க ஆரம்பித்தார். நான் தொழுகை முடிந்து வரிசை கலைந்த பிறகும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தேன். மாதம் முடிய மூன்றோ நான்கோ நாள் இருக்கும்போது, ஷிப்டு விட்டுப் பெட்டியைத் திறந்தால் அக்காவிடமிருந்து வரிசையாகத் தவறிய அழைப்புகள். திருப்பி அழைக்கப் பயந்து, வாசலில் நின்ற டேங்கர் லாரி நிழலில் போய் உட்கார்ந்துகொண்டேன். அவளே மறுபடியும் அழைத்தாள். அழுதாள். கிடைத்துவிட்டது என்பதற்கான அழுகை அது என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். துப்பட்டியை முகத்தில் போட்டுக்கொண்டு அழுது முடித்துவிட்டு, மாமாவுக்குப் போன் போடச் சொன்னார். சிதம்பரத்திலிருந்து வந்த பிறகு அவர்கள் பேசிக்கொள்ளவே இல்லை. ஸ்பீக்கரில் போட்டுக் கையில் கொடுத்தேன்.

"அண்ணே, அவளுக்குக் கெடச்சிடுச்சி."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் மாமா. 

"என்ன அங்க வரச் சொல்றா. எனக்குத் தனியாப் போவத் தெரியாது. தொணைக்கு நீங்க வர்றீங்களா?"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. இணைப்பு போய்விட்டதோ என்று நான் போனை எட்டிப் பார்த்தேன். அம்மா வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டுக் காத்திருந்தார்.

"ப்ளேன்லதான் போவணுமா?" என்றார் மாமா.