வெர்னா எடுத்த அறை

வெர்னா டில்லரிக்கு மேல்வரிசைப் பல் ஒன்று போனது ஒரு மெத்தையால். கடையில் அழுத்திப் பார்த்து அதை எடுத்தவள் அவள்தான். மூன்று நாள் அதில் படுத்த அவள் புருஷன் ராய்ஸ், இடுப்பு பிடித்துக்கொண்டதென்று எழுந்து வந்தான். அடுப்படியில் காப்பி போட்டுக்கொண்டிருந்தவளைத் தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்தி வாயில் குத்தினான். அது கல்யாணமான நாலாம் வருஷம். ஆறாம் வருஷம் திரைச்சீலையின் நிறம் சரியில்லை, விலா எலும்பு போனது. எட்டாம் வருஷம் அவன் அம்மாவின் பிறந்தநாளுக்கு அவள் சொன்ன ஓட்டலில் இறைச்சி சரியாக வேகவில்லை. திரும்பி வரும் வழியில், ஓடுகிற வண்டியின் கதவைத் திறந்து அவளை வெளியே தள்ளினான். இடது முழங்கையில் தார் உரசிய தழும்பு இன்றும் இருக்கிறது.

ராய்ஸ் எதையும் தானாகத் தேர்ந்தெடுக்க மாட்டான். "நீயே பாத்து எடுடி, ஒனக்குத்தான் எல்லாம் தெரியுமே" என்பான். சிரித்துக்கொண்டேதான் சொல்வான்.

அலபாமாவில் டோத்தன் ஊரில் வேர்க்கடலை உடைக்கும் ஆலையில் அவனுக்கு வேலை. தொண்ணூற்றாறாம் வருஷ வசந்தத்தில் ஒருநாள் ஆலையிலிருந்து நல்ல மனநிலையில் வந்தான். மகள் கெண்ட்ராவுக்கு அப்போது பதினொன்று, மகன் வேடுக்கு ஏழு.

"ஜூலைல ஃபுளோரிடா போறோம். பார்க்குக்கு. ராட்டினம், ராக்கெட்டு, எல்லாம்" என்றான். பிள்ளைகள் குதித்தார்கள். அவன் வெர்னாவின் பக்கம் திரும்பினான். "எங்க தங்குறதுன்னு நீ பாத்துக்க."

தபாலில் விளம்பரத் தாள்கள் வந்து குவிந்தன. சாப்பாட்டு மேசையில் அவற்றைப் பரப்பி வைத்துக்கொண்டு இரண்டு வாரம் பார்த்தாள். பார்க்குக்குள்ளேயே இருந்த பெரிய ஓட்டலை வேட் கேட்டான். அதன் நடுவே ரயில் போகிறதாம். அது அவர்கள் கைக்கு எட்டாதது. கெண்ட்ரா நீர்ச்சறுக்கு உள்ள இடத்தைக் கேட்டாள். ராய்ஸ் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, கொழுத்த விரலால் ஒரு படத்தைத் தட்டினான். தனி வீடு. சுற்றிலும் உயர வேலி, பின்னால் நீச்சல் குளம், அதற்கும் பின்னால் ஆரஞ்சுத் தோட்டம்.

"இது நல்லாருக்கே. பக்கத்துல ஒரு பய இருக்க மாட்டான்."

வெர்னா அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேலி. மரங்கள். ஒரு வாரம்.

மறுநாள் அவன் வேலைக்குப் போனதும் அந்த வீட்டுக்காரர்களின் அலுவலகத்துக்குப் போன் போட்டாள். அந்த வாரம் வீடு காலிதான் என்றார்கள். "சரி, யோசிச்சுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டு, அடுத்த தாளில் இருந்த எண்ணைச் சுழற்றினாள். பார்க்குக்குப் பக்கத்து ஊரான கிஸிம்மியில் நெடுஞ்சாலை ஓரத்தில் மூன் பாம் என்று ஒரு மோட்டல். இரண்டு மாடி. அறைக்கதவுகள் எல்லாம் நேராக வெளிநடையில் திறக்கும். எடுத்தவள் நில்சா மால்டொனாடோ. புவர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்து குடியேறியவள், விதவை, அந்த மோட்டலின் மேலாளர்.

வெர்னா பார்க்குக்குப் பேருந்து உண்டா என்று கேட்டாள். காலைச் சாப்பாடு உண்டா என்று கேட்டாள். பிறகு தயங்கித் தயங்கி, "சுவரெல்லாம் எப்படிங்க? சத்தம் கேக்குமா?" என்றாள்.

"உள்ளதச் சொல்லட்டுமாம்மா? பக்கத்து ரூம்ல ஒருத்தன் தும்முனா நீங்க 'நூறு வயசு'ன்னு சொல்லுவீங்க. அவனும் 'தேங்க்ஸ்'ன்னு சொல்லுவான்."

"அப்ப அதுவே இருக்கட்டுங்க. போட்டுருங்க" என்றாள் வெர்னா.

நில்சா பிற்பாடு இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். முப்பது வருஷத்தில் சத்தம் கேட்கும் என்றதும் சந்தோஷமாக அறை எடுத்த ஒரே வாடிக்கைக்காரி அவள்தானாம்.

அன்று சாயங்காலம் ராய்ஸிடம், "அந்த வீட்டுல அந்த வாரம் ஆள் இருக்காங்களாம்" என்றாள் வெர்னா. பன்னிரண்டு வருஷத்தில் அவனிடம் அவள் சொன்ன முதல் பொய்.

முதல் இரண்டு நாள் நன்றாகவே போனது. ராய்ஸ் வேடைத் தோளில் தூக்கிக்கொண்டு பார்க் முழுக்கச் சுற்றினான். ராட்டினத்தில் வாய்விட்டுக் கத்தினான். பொரித்த கோழியை வெர்னாவுக்கு ஊட்டிவிட்டான். வீணாகப் பயந்துவிட்டோம் என்று அவளுக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

மூன்றாம் நாள் மதியம் இடியும் மழையும் பிடித்துக்கொண்டன. ராட்டினங்களை நிறுத்திவிட்டார்கள். இரண்டு மணிக்கு மோட்டலுக்குத் திரும்பினார்கள். ஐஸ் வாங்கிவர ராய்ஸ் அலுவலகத்துக்குப் போனான். அங்கே ஒரு பெண் விளம்பரத் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவற்றில் அந்த வேலிவீட்டின் படமும் இருந்தது. சும்மா பேச்சுக் கொடுத்தான்.

"இந்த வீட்டத்தான் நாங்க கேட்டோம். கெடைக்கலயே."

"இதா சார்? இது இந்த மாசம் பூராவும் சும்மாதான் கெடக்கு. யார் சொன்னா கெடைக்கலன்னு?"

வெர்னா கட்டிலில் உட்கார்ந்து வேடின் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். கதவு திறந்ததும் அவன் முகத்தைப் பார்த்தாள். துண்டைக் கீழே வைத்தாள். "கெண்ட்ரா, தம்பியக் கூட்டிட்டு பாத்ரூமுக்குப் போ" என்றாள். அதற்குள் ஐஸ் வாளி அவள் நெற்றியில் வந்து விழுந்தது.

"என்னையே ஏமாத்துறியாடி? என்னையே?"

தலைமுடியைப் பிடித்துக் கட்டிலிலிருந்து இழுத்தான். சுவரில் அவள் முகத்தை மோதினான். ஒருமுறை, இருமுறை, மூன்றாம் முறை சுவரில் இருந்த படமே கழன்று விழுந்தது. அவள் கத்தினாள். வாழ்க்கையிலேயே முதல்முறையாக வாய்விட்டுக் கத்தினாள். இதற்குத்தானே இந்த இடத்தை எடுத்தாள்.

பக்கத்து அறையில் டெலிவிஷன் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கத்தியதும் அது நின்றது. பிறகு மறுபடி ஓட ஆரம்பித்தது, முன்னைவிட உரக்க. மேலே யாரோ நடந்துகொண்டிருந்த காலடி நின்றது, அறையின் கோடிக்கு நகர்ந்தது. எல்லோருக்கும் கேட்டது. ஒருவரும் வரவில்லை. ராய்ஸ் முழங்காலை அவள் முதுகில் ஊன்றிக் கழுத்தைப் பிடித்தபோது, தரைவிரிப்பின் ஈர நாற்றத்தில் முகம் புதைய, அவளுக்கு வலியைவிட அந்த டெலிவிஷன்தான் உறைத்தது.

கெண்ட்ரா குளியலறைக்குப் போகவில்லை. திறந்திருந்த கதவு வழியாக மழையில் ஓடினாள்.

நில்சா வந்தபோது கையில் நீச்சல் குளத்தில் இலை அள்ளும் நீளக் கம்பு இருந்தது. வாசலில் நின்றபடியே ராய்ஸின் காதோடு சேர்த்து ஒரு வீச்சு. அவன் வெர்னாவை விட்டுவிட்டு எழுந்தான். கம்பைப் பிடுங்கி நில்சாவின் தோளில் இறக்கினான். எலும்பு முறிந்த சத்தம் வெர்னாவுக்குத் தெளிவாகக் கேட்டது. நில்சா வாசற்படியில் சரிந்தாள். அவன் மறுபடியும் கம்பை ஓங்கினான்.

தன்னை அடித்தபோதெல்லாம் வெர்னா கை ஓங்கியதில்லை. முன்பின் தெரியாத ஒருத்தி தனக்காக அடிபட்டுக் கிடப்பதைப் பார்த்ததும் என்ன ஆனதென்று அவளுக்கே தெரியாது. அலமாரித் தட்டில் இஸ்திரிப்பெட்டி இருந்தது. எடுத்தாள். பின்னாலிருந்து அடித்தாள். அவன் திரும்பினான். முகத்தில் அடித்தாள். கன்ன எலும்பு உள்ளே போனது. அவன் விழுந்த பிறகும் அடித்தாள். கெண்ட்ரா இடுப்பைக் கட்டிக்கொண்டு, "போதும்மா, போதும்மா" என்று கதறிய பிறகுதான் நிறுத்தினாள்.

போலீஸ் வந்து இருவருக்கும் விலங்கு மாட்டியது. "ரெண்டு பேரு மேலயும் ரத்தம். யார் என்ன செஞ்சாங்கன்னு ஸ்டேஷன்ல பேசிக்கலாம்" என்றான் இளம் அதிகாரி. தூக்குப் படுக்கையில் கிடந்த நில்சா, "அட அறிவுகெட்டவனே, அவ கழுத்தப் பாருடா! அஞ்சு வெரலும் பதிஞ்சு கெடக்கு!" என்று கத்தினாள். ஆனாலும் கொண்டுபோனார்கள்.

நில்சா ஆஸ்பத்திரியிலிருந்து வாக்குமூலம் கொடுத்து, வெர்னா வெளியே வர மூன்று நாள் ஆனது. அதற்குள் டோத்தனிலிருந்து ராய்ஸின் அம்மா இமொஜீன் காரோட்டி வந்து வேடைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். கெண்ட்ராவையும் இழுத்திருக்கிறாள். அவள் பாட்டியின் கையைக் கடித்துவிட்டு, துணி துவைக்கும் அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாளாம்.

தோளில் கட்டோடு திரும்பிய நில்சா, மோட்டல் வாசலில் மகளோடு நின்ற வெர்னாவைப் பார்த்தாள்.

"போறதுக்கு எடம் இருக்கா ஒனக்கு?"

"இல்லக்கா."

"எனக்கு ஒரு கை இல்ல. உள்ள வா. இருபத்தேழு ரூமுக்குப் படுக்கை விரிக்கணும்."

ராய்ஸை இரண்டு மாதத்தில் விட்டுவிட்டார்கள். அக்டோபரில் வந்தான். காலை பதினோரு மணி. வெர்னா கோடியில் அழுக்குத் துணி வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தாள். அவனுடைய டிரக் நெடுஞ்சாலையிலிருந்து வேகம் குறைக்காமல் உள்ளே திரும்பியது. அதே அறையைக் குறிவைத்து வந்தது. கதவு, சன்னல், சுவர் எல்லாம் உடைத்துக்கொண்டு கட்டில்வரை உள்ளே போய் நின்றது. நல்லவேளை, அறையில் யாருமில்லை. புழுதி அடங்குவதற்குள் வெர்னா ஓடிப்போய்ப் பார்த்தாள். முன்னிருக்கையில் வேட் இருந்தான். வலக்கை எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே நின்றது. அவன் அழவில்லை. அம்மாவைப் பார்த்து, "நீ பொய் சொன்னதாலதான் எல்லாம்" என்றான்.

ராய்ஸுக்கு ஆறு வருஷம் போட்டார்கள். வேட் வெர்னாவிடம் வந்தான், மனதளவில் வரவில்லை. தட்டைத் தூக்கி எறிந்தான். கண்ணாடிகளை உடைத்தான். அவளை அப்பா கூப்பிடுகிற மாதிரியே 'ஏய்' என்று கூப்பிட்டான். ஒருநாள் துடைப்பக் கட்டையால் கெண்ட்ராவின் மூக்கை உடைத்தான். அந்த ரத்தத்தைப் பார்த்ததும் வெர்னா அவனைப் பிடித்து அறைந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவதற்குக் கை ஓங்கியபோது, பையன் மாவுக்கட்டுப் போட்ட கையைத் தலைக்கு மேல் மடித்துச் சுருண்டுகொண்டான். அது அவளுடைய சுருளல். ராய்ஸின் முன்னால் பன்னிரண்டு வருஷம் அவள் சுருண்ட அதே விதம். ஓங்கிய கை கீழே வந்தது. குளியலறைக்குப் போய்க் குடலே வெளியே வரும்படி வாந்தி எடுத்தாள். அதன்பிறகு அவனை அடிக்கவில்லை. அதனால் அவன் திருந்திவிட்டான் என்றில்லை. இன்னும் நாலு வருஷம் எல்லாவற்றையும் உடைத்துக்கொண்டுதான் இருந்தான்.

பதினாறு வயதில் தோளும் கையும் அப்பனைப் போலவே அகன்றுவிட்டன. ஈஸ்டர் விடுமுறை, மோட்டல் நிறைந்திருந்தது. வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு விருந்தாளி தன் மனைவியை எல்லோர் முன்னிலையிலும் கன்னத்தில் அறைந்தான். பார்க் டிக்கெட்டை அறையிலேயே வைத்துவிட்டாளாம். வேட் ஓடிப்போய் அவனைக் கீழே தள்ளி மேலே ஏறி உட்கார்ந்தான். குத்தினான். பற்கள் தெறித்தன. மாடியில் நின்ற ஜனங்கள், "அப்படித்தான் தம்பி! போடு!" என்று கை தட்டினார்கள். அடிபட்டவனின் மனைவியோ வேடின் முதுகில் தொங்கிக்கொண்டு அவன் முகத்தை நகத்தால் கீறினாள். "விடுடா! என் புருஷன விடுடா!"

வெர்னா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாள். வேடின் முகம் தெரிந்தது. அதில் கோபம் இல்லை. சந்தோஷம் இருந்தது. இரண்டு கையாலும் அவன் முஷ்டியைப் பிடித்துத் தன் மார்போடு அழுத்திக்கொண்டாள்.

"போதும்டா."

"அவன் அடிச்சான்மா. நீ பாக்கலியா? அவன்தான் மொதல்ல அடிச்சான்."

"பாத்தேன். எந்திரி."

அவன் எழுந்திருக்க நேரம் ஆனது. எழுந்து, தன் கையைப் பார்த்தான். அவனுடைய இரத்தம் எது, அந்த ஆளுடையது எது என்று தெரியவில்லை. அப்போதுதான் அழுதான். எட்டு வயதில் டிரக்குக்குள் அழாததையெல்லாம் சேர்த்து, அத்தனை பேர் பார்க்க, தார்த் தரையில் உட்கார்ந்து அழுதான். போலீஸ் வந்தது. அந்தப் பெண் வேட் மீதுதான் புகார் எழுதிக் கொடுத்தாள். ஏழு மாதம் சிறுவர் சீர்திருத்த இல்லத்தில் இருந்தான். ஞாயிறுதோறும் வெர்னா பேருந்தில் போய்ப் பார்த்தாள்.

நில்சா இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. கடைசிவரை மழைக்காலத்தில் அந்தத் தோள் வலிக்கும். "ஒன் புருஷன் ஞாபகப்படுத்துறாண்டி" என்பாள். வெர்னா இப்போது அவள் நாற்காலியில் உட்கார்ந்து போன் எடுக்கிறாள். கெண்ட்ரா டாம்பாவில் நர்ஸ். ராய்ஸ் சிறையிலிருந்து வந்து, குடித்து, வேறு ஒருத்தியின் வீட்டு வாசலில் அவள் அண்ணன் சுட்டதில் செத்தான். செய்தி வந்த அன்று வெர்னா பதினாலு படுக்கை விரித்தாள், ஒன்றும் தோன்றவில்லை.

வேட் ஒகாலாவில் வீடுகளுக்குக் கூரை போடுகிறான். முப்பத்தேழு வயது. ஒரு பெண்ணோடு மூன்று வருஷம் இருந்தான். அவள் கல்யாணப் பேச்செடுத்ததும் விலகிவிட்டான். போன கிறிஸ்துமஸுக்கு வந்திருந்தபோது வெர்னா காரணம் கேட்டாள்.

"எனக்குப் பயமாருக்கும்மா" என்றான், கோழியைப் பிய்த்துக்கொண்டே. "அவ மேல இல்ல. என் மேல."

வெர்னா இன்னொரு துண்டை எடுத்து அவன் தட்டில் வைத்தாள். அவன் அதையும் சாப்பிட்டான்.