காற்றுப் புகாத பாய்

திண்டிவனத்தில் கடல் கிடையாது. இது அறிவுச்செல்வனுக்கும் தெரியும். ஆனாலும் ஒரு வருஷமாகப் பார்க்கிறவர்கள் எல்லாம் அவருக்கு இதைச் சொல்லிக்கொண்டேதான் இருந்தார்கள். காரணம், செஞ்சி ரோட்டில் இருக்கும் அவருடைய தார்ப்பாய்க் கடை வாசலில் ஒரு பாய்மரப் படகு குந்தியிருந்தது.

விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டி வரும் லாரி டிரைவர்கள் கிழிந்த தார்ப்பாயை இறக்கிப் போட்டுவிட்டுப் படகைச் சுற்றி வருவார்கள். "அண்ணே, வெள்ளம் வரப்போவுதுன்னு உங்களுக்கு மட்டும் சேதி வந்துச்சா?" என்பார் ஒருவர். அறிவுச்செல்வன் கோபப்பட மாட்டார். அடுத்தவர் வாய் திறப்பதற்குள் தன்னைத்தானே கிண்டல் பண்ணிக்கொண்டால் வலி குறைவு என்பது அவர் அனுபவத்தில் கண்டது. "வெள்ளமெல்லாம் இல்லப்பா. அளவெடுக்கப் போன டெய்லரு ஆளையே வூட்டுக்கு இட்டுக்கினு வந்துட்டான், அவ்ளோதான்" என்பார்.

அதுதான் நடந்ததும். புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சுக்காரர் தன் படகுக்கு உறை தைக்க வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார். டேப்போடு போனார். அந்த மனிதர் வீட்டைக் காலி செய்துவிட்டு நாட்டுக்கே திரும்புகிற யோசனையில் இருந்தார். பேச்சுவாக்கில், "உறை எதற்கு, படகையே எடுத்துக்கொள்கிறீர்களா?" என்று கேட்டார். புத்தியுள்ளவன் சிரித்துவிட்டு டீ குடித்துவிட்டு வந்திருப்பான். அறிவுச்செல்வன் அன்று சாயங்காலமே அதைக் குட்டியானை வண்டியில் ஏற்றி, பின்னால் நீட்டிக்கொண்டிருந்த கட்டைக்குச் சிவப்புத் துணி கட்டி, திண்டிவனம் கடைத்தெரு வழியாக ஊர்வலம் விட்டார். பாய்களை மட்டும் எலி தின்றிருந்தது. அதைப் பார்த்து அவருக்குச் சந்தோஷமே வந்தது. பாய் தைக்க ஆள் தேடவா வேண்டும்?

வீட்டில் மனைவி கலையரசி சத்தம் போடவில்லை. அங்கன்வாடி டீச்சர், நாள் முழுவதும் குழந்தைகளோடு இருந்து பழகிய பொறுமை. அவளுக்கு இது புதுசும் இல்லை. அவர் காடை வளர்க்கக் கட்டிய கொட்டகையில் பக்கத்து வீட்டு ஆடு படுத்துக்கொண்டிருந்தது. அவருடைய தபால் வழி பி.ஏ.வில் ஒரு பேப்பர் இன்னும் நிலுவை. மாடி எழுப்புவதற்காக விட்ட கம்பிகள் துருப்பிடித்து வானத்தைப் பார்த்து நின்றன. அவள் அவற்றில் கொடி கட்டித் துணி உலர்த்தினாள். கல்யாணத்தைத் தவிர அவர் எதையும் முடித்ததில்லை என்பாள். அதையும் அவளுடைய அப்பாதான் முன்னால் நின்று முடித்துவைத்தார்.

படகைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "வாங்கிட்டீங்க, சரி. இதையாவது முடிங்க."

"படகுல இன்னா முடிக்கிறது?"

"எங்கனா கிளம்பி, எங்கனா போய்ச் சேருங்க. அது போதும். இதுவும் பாதியில நின்னா, இனிமே நான் உங்கள ஒண்ணும் கேக்க மாட்டேன்."

அவள் திட்டியிருந்தால் தேவலை. கேட்கவே மாட்டேன் என்றதுதான் அவரை விடவில்லை. ஒரு மனுஷி நம்மிடம் எதையும் எதிர்பார்ப்பதில்லை என்று முடிவு கட்டிவிட்டால், அப்புறம் அந்த வீட்டில் நாம் யார்? இந்த யோசனையிலேயே அன்று மூன்று லாரிகளுக்கு அளவைத் தப்பாகக் குறித்துக்கொண்டார்.

புதுச்சேரியில் ஒரு பாய்மரப் படகு கிளப் வருஷா வருஷம் பந்தயம் விடுகிறது, மரக்காணத்துக்குப் பக்கத்தில் எக்கியார்குப்பத்தில் கிளம்பி பொம்மையார்பாளையத்துக் கரையில் முடிகிறது, படகுக்கு இரண்டு பேர், சின்னப் படகுகளும் வரலாம் என்று கேள்விப்பட்டார். கிளம்புகிற இடம் இருந்தது, சேருகிற இடமும் இருந்தது. இதற்கு மேல் என்ன வேண்டும்? இரண்டாவது ஆள்தான் வேண்டும். கடைப் பையன்கள் யாரும் வரமாட்டேன் என்றார்கள். "நான் வர்றேன்" என்றாள் கலையரசி. "முகையூர்ல எங்க கிணத்துல நீஞ்சி வளந்தவ நான். நீங்க வுழுந்தா யாரு தூக்குறது?" அவருக்கு நீச்சல் அரைகுறை. அதையும் கற்றுக்கொள்ளத் தொடங்கிப் பாதியில் விட்டிருந்தார்.

படகைத் தயார் செய்ததில் லாரிக்காரர்கள் எல்லோருடைய கையும் இருந்தது. நங்கூரத்துக்கு லாரியின் உடைந்த இரும்புப் பட்டைச் சுருள். கயிறெல்லாம் லோடு கட்டும் கயிறு. பழைய பேட்டரி ஒன்றில் லாரி ஹாரன் மாட்டினார்கள். கடலில் யாரை ஒதுங்கச் சொல்வது என்று யாரும் கேட்கவில்லை. பெயின்டர் பெரியதம்பிக்கு லாரி எழுதிய கை. சொல்லாமலே பின்பக்கம் 'ஒலி எழுப்பவும்' என்றும் பக்கவாட்டில் 'டீசல்' என்றும் எழுதிவிட்டார். முன்னால் எழுதும்போது மட்டும் நிறுத்திக் கேட்டார்.

"யாரு துணைன்னு போடட்டும்ணே?"

"கலையரசி துணைன்னு போடு. சாமியெல்லாம் இந்த வேலைக்கு வராது."

பாயை அவரே தைத்தார். சுற்று வட்டாரத்தில் அவர் தையலுக்கு ஒரு பேர் உண்டு. லாரித் தார்ப்பாய்க்குள் காற்று பூந்துவிட்டால் தீர்ந்தது. கயிறு அறும், மூட்டை நனையும். அதனால் மடிப்பில்லாமல், தொய்வில்லாமல், பலகை மாதிரி இழுத்துப் பிடிக்கிற மாதிரி தைப்பதுதான் தொழில். அறிவுச்செல்வன் கட்டிய தார்ப்பாயைத் தட்டினால் தவில் சத்தம் வரும் என்பார்கள் டிரைவர்கள். படகுப் பாயையும் அப்படியே தைத்தார். கீழ்க்கட்டையோடு சேர்த்து வளையத்துக்கு வளையம் கயிறு கோத்து இறுக்கினார். தட்டிப் பார்த்தார். தவில். கண் நிறைந்துபோயிற்று.

கழுவெளி ஏரியில் ஞாயிற்றுக்கிழமைகளில் பழகினார்கள். மழைக்காலத்துக் காற்று முரட்டுத்தனமாக அடித்ததால் எந்தப் பாயாக இருந்தாலும் படகு ஓடியிருக்கும். கரையில் இருந்த நாரைகள் பறந்துபோனதைப் பார்த்துத் தன் வேகத்துக்குப் பயந்துவிட்டன என்று நினைத்துக்கொண்டார். ஹாரன் சத்தத்துக்குத்தான் பறந்தன.

பந்தயம் மாசி மாதத்தில். எக்கியார்குப்பத்தில் விடியலில் வந்து நின்ற படகுகளில் வெள்ளை வெளேரென்று பாய்கள். நடுவில் பச்சைத் தார்ப்பாயோடு 'கலையரசி துணை'. வெடி போட்டதும் எல்லாப் படகுகளும் கிளம்பின. அவர்கள் படகும் கிளம்பியது என்று சொல்லலாம், கரையோரம் இருந்த ஒரு நாய் கொஞ்ச தூரம் அதை முந்திக்கொண்டு நடந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்.

கிழக்கேயிருந்து மெல்லிய காற்று வந்தது. மற்றவர்களுடைய பாய்கள் புடைத்துக்கொண்டன. அவர் பாய் மட்டும் விறைப்பாக நின்று, வந்த காற்றை வழுக்கவிட்டு அனுப்பியது. சூரியன் ஏற ஏற வெள்ளைப் பாய்கள் தெற்கே பொடிப்பொடியாகிக் காணாமல் போயின. பின்னால் ஒரே ஒரு சத்தம் மட்டும் துணைக்கு வந்தது: கடைசிப் படகைப் பார்த்துக்கொள்வதற்காக கிளப் அனுப்பிய மோட்டார் படகு. அதில் வெங்கடாசலம் என்பவர் குடை பிடித்து உட்கார்ந்திருந்தார்.

"சார், கட்டி இழுத்துடறேன் சார். சாப்பாட்டுக்குப் போயிடலாம்" என்றார்.

"வேணாங்க. வந்துகினேதான் இருக்கோம்" என்றார் அறிவுச்செல்வன். கயிற்றை இன்னும் ஒரு சுற்று இறுக்கினார். கஷ்டம் வந்தால் இறுக்குவது. அவர் கைக்கு வேறெதுவும் தெரியாது.

கலையரசி முன்னால் போனவர்களுடைய பாயைத்தான் வெகுநேரமாகப் பார்த்துக்கொண்டு வந்திருந்தாள். திரும்பி இவருடைய பாயைப் பார்த்தாள். அப்புறம் இவர் வயிற்றைப் பார்த்தாள்.

"ஏங்க, அவங்க பாய்க்கெல்லாம் தொப்பை இருக்குது. உங்க பாய்க்கு ஒண்ணுமே இல்ல. உங்களுக்கு இருக்கறதுல பாதி இருந்தாக்கூட போதுமே."

அவர் பாயைத் தட்டிப் பார்த்தார். தவில். காற்று புகக் கூடாது என்று முப்பது வருஷம் தைத்த கை, காற்றைப் பிடிக்க வேண்டிய பாயையும் காற்றுக்கு எதிராகவே தைத்துவிட்டது. புரிந்த உடனே சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இந்தியாவிலேயே காற்றுப் புகாத பாய் கட்டிப் பந்தயத்துக்கு வந்த ஒரே மனிதர் தானாகத்தான் இருக்கும் என்று தோன்றியது.

"அவுத்து உடுங்க" என்றாள்.

முடிச்சில் கை வைத்தார். அவிழ்க்க மனசு வரவில்லை. தொங்கும் தார்ப்பாய் கட்டியவனை எந்த டிரைவரும் மதிக்க மாட்டார். கலையரசி காத்திருக்கவில்லை, ஒரு பக்கத்திலிருந்து அவள் ஒவ்வொரு வளையமாகத் தளர்த்திக்கொண்டு வந்தாள். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வெட்கப்பட்டு அவரும் மறுபக்கத்திலிருந்து தளர்த்தினார். பாய் தொளதொளவென்று ஆடியது. பார்க்க அசிங்கமாக இருந்தது. பிறகு மெல்ல வயிறு தள்ளியது. படகு ஒரு பக்கம் சாய்ந்து, தண்ணீரைக் கிழிக்கும் சத்தம் கேட்டது. காலையிலிருந்து அந்தச் சத்தம் அவர்களுக்குக் கேட்டதே இல்லை.

ஓடினார்கள். நிஜமாகவே ஓடினார்கள். வெங்கடாசலம் குடையை மடக்க வேண்டியதாயிற்று.

பொம்மையார்பாளையத்துச் செம்மண் மேடு கண்ணுக்குத் தெரிந்து, கரையில் பந்தலும் கொடிக்கம்பமும் தெரிந்தபோது வெங்கடாசலத்தின் போன் அடித்தது. பேசிவிட்டு அவர் படகைப் பக்கத்தில் கொண்டுவந்தார். முகத்தில் நிஜமான வருத்தம் இருந்தது.

"சார், டைம் முடிஞ்சிடுச்சாம். எல்லைக்குப் போட்டிருந்த மிதவைய எடுத்துட்டாங்களாம். இனிமே நீங்க போனாலும் கணக்குல வராது. கயித்தப் போடட்டுமா?"

அறிவுச்செல்வன் பாயை நிமிர்ந்து பார்த்தார். கோபம்கூட வரவில்லை. ஆடு படுக்கும் கொட்டகையும் துருப்பிடித்த கம்பிகளும் நினைவுக்கு வந்தன. "நான் வர்றேன்னு தெரிஞ்சி எல்லைக்கோடே எழுந்து போயிடுச்சு" என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. கலையரசியின் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை. இனி அவள் எதையும் கேட்க மாட்டாள். கயிற்றை வாங்கக் கையை நீட்டினார்.

கலையரசி அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

காலடியில் குடிதண்ணீர் கேன் இருந்தது. மூடியைத் திறந்து மீதித் தண்ணீரைக் கடலில் கவிழ்த்தாள். மூடியை இறுக்கினாள். நங்கூரக் கயிற்றின் நுனியைக் கேனின் கழுத்தில் கட்டி, பட்டைச் சுருளோடு சேர்த்து அப்படியே மோட்டார் படகில் தூக்கி வைத்தாள்.

"அண்ணா, மிதவை எங்க இருந்துச்சோ அங்க இதப் போட்டுட்டு வாங்க."

"அம்மா, கணக்குல..."

"உங்க கணக்கு வேற, எங்க வூட்டுக் கணக்கு வேற. ஜல்தி போங்கண்ணா."

அங்கன்வாடியில் அழுகிற பிள்ளையை உட்கார வைக்கிற அதே குரல். வெங்கடாசலம் போனார். கொஞ்ச தூரத்தில், கொடிக்கம்பத்துக்கு நேராக, நீல நிறக் கேன் அலையில் குதித்து நின்றது.

அறிவுச்செல்வனுக்குக் கண் கலங்கி முன்னால் இருப்பது சரியாகத் தெரியவில்லை. சுக்கானைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். வாழ்நாளில் யாரும் அவருக்காக ஒரு முடிவிடத்தைத் தூக்கிக்கொண்டுபோய் வைத்ததில்லை.

"கேனப் பாத்து ஓட்டுங்க" என்றாள்.

பார்த்து ஓட்டினார். படகின் மூக்கு கேனைத் தாண்டியபோது கலையரசி குனிந்து ஹாரனை அமுக்கினாள். பந்தலில் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் லாரி எங்கே வருகிறது என்று ரோட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கையை எடுக்கவில்லை. பேட்டரி தீர்ந்து சத்தம் முனகலாகும் வரை அமுக்கினாள்.

"முடிஞ்சிதுங்க" என்றாள்.

அவர் கேனைத் திரும்பிப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

"சரி, திருப்புங்க. கேன எடுத்துக்கலாம், தண்ணிக்காரனுக்குத் திருப்பிக் குடுக்கணும்" என்றாள். முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டபடி கேட்டாள்: "அந்த மாடிய எப்ப ஆரம்பிக்கிறீங்க?"