அவள் கேட்ட உதவி

இந்த ஊரில் பஸ்ஸிலிருந்து இறங்கும் ஒவ்வொருவரும் டிரைவருக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் இறங்குகிறார்கள். அயர்லாந்துக்கு வந்த புதிதில் எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. இப்போது நானும் சொல்கிறேன். சொல்லிவிட்டு அலுவலகத்துக்குள் போய் உட்கார்ந்தால், மாலைவரை யாரும் என்னிடம் பேசத் தேவையில்லாத வேலை. உலகின் பல மூலைகளில் வீட்டிலிருந்தபடி ஆன்லைனில் தேர்வு எழுதுகிறவர்களின் வீடியோக்களைப் பார்க்க வேண்டும். கண் விலகினாலோ வேறு குரல் கேட்டாலோ கணினியே சிவப்புக் குறி போட்டுவிடும். அந்த இடங்களை மட்டும் பார்த்து, தவறு நடந்ததா இல்லையா என்று நாங்கள் எழுதுவோம்.

திருச்சியில் கல்லூரி ஆசிரியையாக இருந்தபோதும் தேர்வு அறையில் கண்காணிப்புக்கு நின்றிருக்கிறேன். ஒருமுறை ஒரு மாணவிக்கு நடுவில் மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. முகம் கழுவ வைத்து, மின்விசிறிக்குக் கீழே மாற்றி உட்கார வைத்து, இழந்த நேரத்தையும் கொடுத்தோம். அதற்கு யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. அவள் முகத்தைப் பார்த்ததே போதுமானதாக இருந்தது.

சென்ற ஆண்டு ஒரு நாள் திறந்த வீடியோவில் ஒரு பெண் தன் அடையாள அட்டையை கேமராவுக்கு நேரே நீட்டினாள். ஸ்ரீரங்கம் என்று படித்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் உதவித்தொகைக்கான தேர்வு. பின்னால் கட்டிலில் யாரோ முனகும் சத்தம்.

"செத்த பொறுத்துக்கங்கப்பா. பரீட்சை நடக்குது," என்றாள், திரும்பாமலே.

சற்று நேரத்தில் ஏதோ கனமாக விழுந்தது. அவள் எழுந்து ஓடினாள். காலி நாற்காலியைத்தான் கேமரா காட்டிக்கொண்டிருந்தது. "அண்ணே, கொஞ்சம் வாங்கண்ணே. அப்பா கட்டில்லேருந்து விழுந்துட்டாரு. ஒரு பக்கம் வராதுல்ல, என்னால தூக்க முடியல." பக்கத்து வீட்டு ஆள் வந்த காலடிச் சத்தம் கேட்டது. பிறகு அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். தலை கலைந்திருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து கடைசிக் கேள்விவரை எழுதி முடித்தாள்.

தவறு இல்லை என்று எழுதி அனுப்பினேன். மேலாளர் ஷான் என்னை அழைத்தார்.

"அவள் யாரிடமாவது உதவி கேட்டாளா?"

"கேட்டாள். பக்கத்து வீட்டுக்காரரிடம்."

அவர் தட்டச்சு செய்தார். வெளியார் உதவி. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அது அப்பாவைத் தூக்குவதற்கான உதவி, அவள் என் ஊர்ப் பெண், பேசியது எனக்குப் புரிந்தது என்று படபடவென விளக்கினேன். அவர் கெட்ட மனிதர் அல்ல, பொறுமையாகவே கேட்டார். என்ன உதவி என்று எழுத கணினிப் படிவத்தின் அந்தக் கட்டத்தில் இடமில்லை என்றார். "உங்கள் ஊர்ப் பெண் என்பதை முன்பே சொல்லியிருக்க வேண்டும். அதுதான் நியாயம்," என்றும் சொன்னார். தேர்வு ரத்தாயிற்று. அதன்பின் தமிழ் கேட்கும் வீடியோ எதுவும் எனக்கு வருவதில்லை. இப்போது புரியாத மொழிகளில் யார் யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள். நான் பார்த்துத் தீர்ப்பு எழுதுகிறேன்.

விடுமுறைக்கு ஊர் போனபோது, அலுவலக விதிகளுக்கு விரோதம் என்று தெரிந்தே, அடையாள அட்டையில் படித்த அந்தத் தெருவுக்குப் போனேன். வாசலில் நாற்காலியில் அவள் அப்பா உட்கார்ந்திருந்தார், வலக்கை மடியில் அசையாமல். அவள் பையோடு வெளியே வந்தாள்.

"யாரைப் பாக்கணும்ங்க?"

தயார் செய்து வந்ததை விட்டுவிட்டு வேறு ஏதோ சொன்னேன். "முன்ன திருச்சியில காலேஜ் டீச்சரா இருந்தேன்மா. நீ என்ன படிக்கிறே?"

"படிக்கலைங்க. மண்ணச்சநல்லூர்ல அரிசி மில்லுல பில் போடுறேன். ஆன்லைன்ல ஒரு பரீட்சை எழுதினேன். பிட் அடிச்சேன்னு சொல்லிட்டாங்க." பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "எந்தக் கேள்வியிலன்னு இன்னும் தெரியலைங்க."

எனக்குத் தெரியும். சொன்னால் அவளுக்கு என்ன திரும்பக் கிடைக்கும் என்று மட்டும் தெரியவில்லை.

"தெரு மாறி வந்துட்டேன்மா," என்றேன்.

"வெளியூருங்களா? கோயிலுக்குன்னா இப்படியே நேராப் போயி சோத்துக்கை பக்கம் திரும்புங்க."

நான் பிறந்த ஊர். அவள் கை காட்டிய பக்கம் நடந்தேன்.