‘ஷார்ட்டன்’ படுத்திய பாடு

ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பது, பஸ் ஸ்டாண்டில் நின்று ஊருக்கெல்லாம் வழி சொல்லிவிட்டு நாம் மட்டும் அங்கேயே நிற்கிற தொழில். தொண்டை கட்டிப்போய் மிளகுப் பாலோடு வகுப்பெடுத்த சக வாத்தியார்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பெரம்பலூரில் ஒரு மாடியறையில் நான்கு வருஷம் அதைச் செய்தேன். வாசலில் ‘தொண்ணூறு நாளில் இங்கிலீஷ்’ என்று போர்டு. அதை முப்பதாக்கிவிட்டால் வீடியோவே போதும், ஆள் வேண்டாம் என்று ஓனர் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த ஆள் நான்தான்.

மட்டன்

‘ஷார்ப்’போடு ‘அன்’ சேர்த்தால் ‘ஷார்ப்பன்’, கூராக்குவது. ‘ஷார்ட்’டோடு சேர்த்தால் ‘ஷார்ட்டன்’, குட்டையாக்குவது. பேன்ட்டைக் குறைத்தாலும் பேச்சைக் குறைத்தாலும் இதே சொல்தான் என்றேன். எனக்கே என் மேல் ஒரு மதிப்பு வந்தது. ஆண்டிமடத்து முந்திரி வியாபாரி ஒருவர் கை தூக்கினார். ‘மட்’ என்றால் சேறு என்று நேற்று சொன்னீர்களே, அப்படியானால் மட்டன் என்றால் சேறாக்குவதா என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. கதவருகே நின்ற ஓனர் மட்டும் சிரிக்கவில்லை.

“இந்தச் சிரிப்புக்குத்தான் தொண்ணூறு நாளுங்களா மிஸ்?”

தலையா, காலா?

என் மாணவி மலர், வேப்பந்தட்டைக்காரி, ஒரு ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிறவள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, மூன்று மணி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். நான் கொடுத்த தைரியத்தில் ‘ப்ளீஸ் ஷார்ட்டன் மீ டுடே’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். இன்று என் வேலை நேரத்தைக் குறையுங்கள் என்று அர்த்தமாம். சூப்பர்வைசர் அதை நாலு பேர் முன்னால் சத்தமாகப் படித்திருக்கிறார். பஸ்ஸும் போய்விட்டது. அவர் கேட்டதை அவள் அழுதுகொண்டே என்னிடம் அப்படியே சொன்னாள்.

“எங்கேருந்தும்மா குட்டையாக்கணும், தலையிலேருந்தா, கால்லேருந்தா?”

எங்கேஜ்மென்ட்

பழைய மாணவர் ராமலிங்கம், திருமழபாடிக்காரர். அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் காண்ட்ராக்ட் வாட்ச்மேன். மகளின் நிச்சயதார்த்தத்துக்கு ஐந்து நாள் லீவு கேட்டு எழுதிய கடிதத்தில் ‘எங்கேஜ்மென்ட்’ என்று திருத்திக் கொடுத்ததே நான்தான். ‘யுவர் எங்கேஜ்மென்ட் இஸ் கர்ட்டெயில்டு’ என்று பதில் வந்தது. கர்ட்டெயில் என்றாலும் குறைப்பதுதான் என்று நான் நடத்தியதை மறக்காமல் வைத்திருந்தார். லீவைத்தான் கொஞ்சம் குறைத்திருக்கிறார்கள் என்று லட்டோடு வந்தார்.

எங்கேஜ்மென்ட்டுக்கு வேலையில் அமர்த்துவது என்றும் ஓர் அர்த்தம் உண்டு. அதை நான் நடத்தவேயில்லை. அன்றுதான் நடத்தினேன், ஒரே ஒரு மாணவருக்கு. அவர் லட்டு டப்பாவை மேசை மேல் வைத்தார்.

“நீங்க சொல்லிக்குடுத்த அர்த்தம் சரிதாங்க மிஸ். கொறைச்சது லீவ இல்ல, என்னய.”

ஒரு பக்கம்

ஒரு திங்கட்கிழமை போர்டில் தொண்ணூறின் மேல் முப்பது ஒட்டியிருந்தது. முறையாக ஒரு கடிதம் வேண்டும், தனக்கு இங்கிலீஷ் வராது, நீங்களே எழுதிவிடுங்கள், கையெழுத்துப் போட்டுவிடுகிறேன் என்றார் ஓனர். என்னை நீக்கும் கடிதத்தை நானே எழுதினேன். நான்கு வருஷத்தை நினைத்தேன், மனசு கேட்கவில்லை, ஒரு பக்கம் வந்துவிட்டது. அவர் வாங்கிப் பார்த்தார், படிக்கவில்லை.

“நீளமா இருக்கே மிஸ், கொஞ்சம் ஷார்ட் பண்ணிக் குடுங்களேன்.”

இரண்டே வரியில் பிழையில்லாமல் முடித்துக் கொடுத்தேன். அந்த வினைச்சொல்லுக்கு அதைவிடத் தெளிவான உதாரணத்தை நான் எந்த வகுப்பிலும் சொன்னதில்லை.