மாறாத புரோகிராமுக்கு நாற்பது நிமிடம்

எண்பதுகளின் நடுவில் கோரிப்பாளையத்தில் ஒரு மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தினேன். ஒரே மெஷின். ஆட்கள் நாங்கள் இரண்டே பேர்: நானும், சமயநல்லூரிலிருந்து பஸ்ஸில் வந்துபோன ஒரு பெண்ணும். என்னைவிட அவள் வேலை சுத்தம். இதை அப்போதே அவளிடம் சொல்லியிருக்கலாம்.

எழுதிய புரோகிராமை மெஷினுக்குப் புரியும்படி மாற்றுவதுதான் கம்பைல். எங்கள் மெஷினில் அதற்கு நாற்பது நிமிடம் ஆகும். ஒருமுறை நான் புரோகிராமைத் திருத்திவிட்டு, கம்பைல் செய்ய மறந்து, பழையதையே சோதித்து, எல்லாம் சரி என்று ஒரு நூற்பாலைக்குக் கொடுத்துவிட்டேன். அங்கே நாலு பேர் முன்னால் மானம் போனது. அன்றிலிருந்து ஒரு சட்டம் போட்டேன்: எந்தச் சோதனைக்கு முன்னாலும் கம்பைல் செய்தே ஆகவேண்டும். மறந்தது நான். சட்டம் அவளுக்கும் சேர்த்து.

ஒருநாள் மாலை ஐந்து மணிக்குச் சோதனை தப்பாக வந்தது. பார்த்தால் புரோகிராமில் கோளாறு இல்லை. சோதனைக்குக் கொடுத்த விவரத்தில் ஒரு எண்ணைத் தவறாக அடித்திருந்தாள். உடனே திருத்தினாள்.

“சார், புரோகிராமுல ஒரு எழுத்தக்கூடத் தொடல. அப்படியே ஒருக்கா ஓட்டிப் பாத்துட்டுக் கெளம்புறேன். அஞ்சே நிமிசம். அப்பாவுக்கு ரொம்ப முடியலன்னு தம்பி ஆள் விட்டிருக்கான்.”

அவள் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வீம்பு விடவில்லை.

“கம்பைல் பண்ணிட்டே ஓட்டும்மா. நாப்பது நிமிசத்துல என்ன ஆயிரப் போகுது?”

‘நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போ’ என்றாவது சொல்லியிருக்கலாம். அந்தப் புத்திகூட வரவில்லை. அவள் கம்பைல் போட்டுவிட்டு, ஜன்னலோரம் நின்று தன் பஸ் போவதைப் பார்த்தாள். சோதனை சரியாக வந்தது. அவள் போனபிறகு, புதிதாகக் கம்பைல் ஆனதையும் பழையதையும் ஒப்பிட்டேன். ஒரு வித்தியாசமும் இல்லை.

அடுத்த பஸ்ஸில் அவள் போய் இறங்குவதற்குக் கால் மணி நேரம் முன்னால் அவள் அப்பா இறந்துவிட்டார். கடைசிவரை அவளைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாராம். மறுநாள் துக்கத்துக்குப் போனபோது தம்பி சொன்னான். என்னால் அங்கே உட்கார முடியவில்லை.

காரியமெல்லாம் முடிந்து வேலைக்கு வந்தாள். அன்றைக்கும் விவரத்தில் மட்டும்தான் ஒரு சின்னத் திருத்தம்.

“கம்பைல் வேண்டாம்மா, அப்படியே ஓட்டு,” என்றேன்.

“இருக்கட்டும் சார். இனி எனக்கு என்ன அவசரம்?” என்று கம்பைல் போட்டாள்.